மெயில், காலண்டர், ஆன்டிவைரஸ்: ஆபீஸ் சர்வரில் ஓப்பன் சோர்ஸ் போடுவதற்கு முன்

"சர்வர்ல எல்லாமே ஓப்பன் சோர்ஸ்தானுங்க, செலவே கிடையாது" என்று திருப்பூரில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "அதுல வைரஸும் வராதாமுங்க" என்பார். மூன்றாமவர் விடமாட்டார்: "கோடு எல்லாருத்துக்கும் தெரியும்னா திருடனுக்கும் தெரியுமல்லங்க?" மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுத்தால், ஷிப்மென்ட் நேரத்தில் பையருக்கு மெயில் போகாமல் நிற்கும்போதுதான் மீதி உண்மை தெரியவரும்.

பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் ஆபீஸ்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பனியன் கம்பெனி, கரூர் ஜவுளி ஏற்றுமதி, கோயமுத்தூர் பம்ப் கம்பெனி, நாமக்கல் லாரி ஆபீஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. சர்வர் என்றால் எல்லாருக்கும் பொதுவாக எந்நேரமும் ஓடும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

ஓப்பன் சோர்ஸ்: எது திறந்திருக்கிறது?

மென்பொருளை எழுதும்போது அது மனிதர் படிக்கக்கூடிய வரிகளாக இருக்கும். அதுதான் மூல நிரல், பேச்சில் 'கோடு'. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் ஓடும் வடிவம் மட்டும் நம் கைக்கு வரும், மூல நிரல் வராது. ஓப்பன் சோர்ஸில் அதுவும் சேர்ந்து வரும். கூடவே ஓர் உரிமமும் வரும்: யாரும் ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 1980களில் தொடங்கிய சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் வழியில் வந்தது இது. 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் 1998இல் வைத்தது.

இதில் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது சரி. ஆனால் மெஷின், பேக்கப் டிஸ்க், வாரம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கும் ஆள் என்று செலவு வேறு பக்கமாக வரும். காசுக்கு வாங்கும் சேவையில் தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை. இங்கே தலைக்கணக்கு இல்லை, பார்த்துக்கொள்பவரின் நேரத்துக்குத்தான் கூலி. அதனால் ஐந்து பேர் ஆபீஸுக்கு ஓப்பன் சோர்ஸ் சர்வர் அதிகச் செலவாகவும், ஐம்பது பேருக்கு லாபமாகவும் இருப்பது சகஜம்.

திருடனுக்கும் தெரியுமே என்ற கேள்விக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். லினக்ஸ் என்பது சர்வர்களில் அதிகம் ஓடும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். அந்த உலகம் முழுக்கப் பயன்படும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியில், இரண்டு வருடமாக நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளருக்கு, தன் சோதனை மெஷினில் லாகின் அரை வினாடி தாமதமாவது உறுத்தியது. தோண்டிப் பார்த்தார், கதவு தெரிந்தது. மூல நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் அதே உலகில் 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, திறந்த மூல நிரலிலேயே இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஆக, திறந்திருக்கிறதா என்பதோடு, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் திருத்தம் வருகிறது என்று அந்த மென்பொருளின் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

லேபிளை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. ஜிம்ப்ரா பல வருடம் சிறு ஆபீஸ்களுக்குப் பிடித்த ஓப்பன் சோர்ஸ் மெயில் தொகுப்பாக இருந்தது. 9ஆம் பதிப்பிலிருந்து இலவசப் பதிப்புக்கு அந்தக் கம்பெனி தயார்நிலை நிறுவியைத் தருவதில்லை. மூல நிரல் மட்டும்தான், கட்டிக்கொள்வது உங்கள் பாடு. பழைய 8.8.15க்கு ஆதரவு 2023 முடிவோடு நின்றது. அதை இன்னும் யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே மாற்ற ஆள் பார்க்கலாம்.

மெயில் சர்வர் ஒரே மென்பொருள் அல்ல

'மெயில் சர்வர்' என்றதும் ஒரே பொட்டி, ஒரே மென்பொருள் என்று தோன்றுகிறது. அது ஜாப் ஒர்க் மாதிரி. ஒரு டீ-ஷர்ட் ஆர்டரில் நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம். அப்புறம் கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங். நடுவில் போவது டிசி எனும் டெலிவரி சலான். அதில் ரோல், கிலோ, டயா, ஜிஎஸ்எம் ஒழுங்காக இருந்தால் டையிங்காரரை மட்டும் மாற்றலாம். நிட்டிங்காரருக்கு அது தெரியக்கூட வேண்டாம்.

மெயிலில் அனுப்புவதும் வாங்குவதும் போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வீட்சே வெனெமா எழுதி 1998இல் வெளியிட்டது. வந்த மெயிலை அவரவர் பெட்டியில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது டவ்காட். டீமோ சிராய்னனின் படைப்பு, 2002 முதல் இருக்கிறது. குப்பை மெயிலைப் பிரிப்பதற்கு ஆர்ஸ்பாம்டி அல்லது ஸ்பாம்அசாசின். வைரஸ் செக்கிங் கிளாம்ஏவி. பிரவுசரில் மெயில் பார்க்க ரவுண்ட்கியூப். ஆக ஐந்து வேலைக்கு ஐந்து மென்பொருள்.

இவற்றை இணைக்கும் டிசிக்கு இங்கே நெறிமுறை என்று பெயர்: இரண்டு மென்பொருள்கள் எந்த வரிசையில், எந்த வடிவத்தில் பேசிக்கொள்ள வேண்டும் என்ற பொது ஒப்பந்தம். ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் கொடுப்பது எஸ்எம்டிபி என்ற நெறிமுறையில். 1982இல் எழுதியது, அடிப்படை இன்றும் அதுவே. நம் போனும் கம்ப்யூட்டரும் பெட்டியிலிருந்து மெயிலைப் படிப்பது ஐமேப் நெறிமுறையில். அது 1986இல் பிறந்தது.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஆபீஸிலிருந்து மெர்ச்சண்டைசர் ஒருவர் ஜெர்மனி பையருக்கு மெயில் அனுப்புகிறார். அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள், பாஸ்வேர்டு காட்டி, மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸிடம் கொடுக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ், பையரின் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் வாங்கும் சர்வர் எது என்று டிஎன்எஸ்ஸில் கேட்கிறது. டிஎன்எஸ் என்பது டொமைன் பெயருக்கு உரிய விவரங்களை இணையம் முழுக்கப் பதிலாகச் சொல்லும் பொதுப் பதிவேடு. பதில் வந்ததும் அந்தச் சர்வரைக் கூப்பிட்டு மெயிலைக் கொடுத்துவிடுகிறது. பையர் பதில் போட்டால் அதே பாதை தலைகீழாக; நம் பக்கம் வந்ததும் செக்கிங் முடிந்து டவ்காட் பெட்டியில் விழும்.

கரண்ட் போய்ச் சர்வர் அணைந்தால் அந்நேரம் வரும் மெயில் காணாமல் போய்விடுமா? போகாது. எதிர்ப்பக்கச் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸில் மாற்றாத வரை அந்தக் காத்திருப்பு 5 நாள். நாலு மணி நேர மின்தடைக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. டிஸ்க் போனால்தான் பயப்பட வேண்டும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: மெயில் சர்வர் என்பது பல மென்பொருள்களின் கூட்டு. நடுவில் இருக்கும் நெறிமுறை பொதுவானது என்பதால், ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட முடியும். ஓப்பன் சோர்ஸின் பெரிய லாபம் இலவசம் என்பதைவிட இந்தக் கழற்றி மாட்டும் வசதிதான் என்பது என் கருத்து.

வாங்குவது சுலபம், அனுப்புவதுதான் பாடு

சர்வர் போட்ட முதல் நாள் மெயில் வரும், போகும், எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வாரத்தில் பையர் வாட்ஸ்அப்பில் கேட்பார், "மெயில் வரவே இல்லையே" என்று. பார்த்தால் அவருடைய ஸ்பாம் பெட்டியில் கிடக்கும்.

காரணம் எஸ்எம்டிபியின் வயது. 1982இல் எல்லோரும் எல்லோரையும் நம்பினார்கள். அனுப்புநர் என்ற இடத்தில் எந்த முகவரி வேண்டுமானாலும் எழுதலாம், கேட்பாரில்லை. பின்னால் ஒட்டுப் போட்டுத்தான் சரி செய்தார்கள். ஒட்டுகள் மூன்று, மூன்றும் டிஎன்எஸ்ஸில் எழுதுவது.

எஸ்பிஎஃப் என்பது நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல். டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையெழுத்து; கையெழுத்துப் போடும் சாவி சர்வரில் ரகசியமாக இருக்கும், சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். டிமார்க், இவை இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று நாம் சொல்லும் உத்தரவு: விடு, ஸ்பாமில் போடு, திருப்பி அனுப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தன்னிடம் மெயில் அனுப்பும் எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கேட்கிறது. சிறு ஆபீஸும் மூன்றையும் போட்டுவிடுவது நல்லது, அரை நாள் வேலைதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு மெயில் போட்டு, அங்கே மெயிலின் அசல் வடிவத்தைத் திறந்தால் மூன்றும் தேறியதா என்று எழுதியிருக்கும்.

இதெல்லாம் செய்தும் போகாமல் இருக்க இன்னொரு காரணம் உண்டு: ஐபி முகவரி. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண் அது. ஆபீஸ் பிராட்பேண்டுக்குக் கிடைக்கும் எண்கள், மெயில் நேராக வரக்கூடாத எண்கள் என்று தடுப்புப் பட்டியல்களில் முன்கூட்டியே இருக்கும். அனுப்பும் வாசலான 25ஆம் போர்ட்டையே சில இணைய நிறுவனங்கள் மூடி வைப்பதும் உண்டு. எனவே மேஜைக்கு அடியில் இருக்கும் மெஷினிலிருந்து பிராட்பேண்டில் நேராக அனுப்பும் திட்டத்தை அப்போதே விட்டுவிடலாம். டேட்டா சென்டரில் சர்வர் வாடகைக்கு எடுத்தாலும், அந்த எண்ணில் முன்பு குடியிருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் கெட்ட பெயர் நமக்கு.

சிறு ஆபீஸுக்கு நான் சொல்வது நடுவழி. மெயில் வாங்குவதும் சேமிப்பதும் நம் சர்வரில் இருக்கட்டும். வெளியே போகும் மெயிலை மட்டும், அதற்கென்றே இருக்கும் ரிலே சேவை ஒன்றின் வழியாக விடலாம். ரிலே என்றால் நம் மெயிலை வாங்கித் தன் நல்ல பெயருள்ள ஐபியிலிருந்து அனுப்பும் சர்வர். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்குச் சில வரி மாற்றம் போதும். "அப்படின்னா முழுசா நம்ம சர்வர் இல்லையே" என்று ஆர்வக்காரர்கள் குறைபடுவார்கள். படட்டும், பழைய மெயில் முழுக்க நம்மிடம் இருக்கிறது, ரிலே பிடிக்கவில்லை என்றால் ஒரு மதியத்தில் வேறு ஆளை மாற்றலாம்.

காலண்டர்: நேரத்தை எப்படி எழுதி வைக்கிறது

பல ஆபீஸில் காலண்டர் என்பது சுவரில் தொங்கும் தினசரியும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். சாம்பிள் அனுப்பும் தேதி, இன்ஸ்பெக்ஷன், கப்பல் கட்-ஆஃப் எல்லாம் யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போட்டால் தெரியும்.

காலண்டர் சர்வர் செய்வது எளிய வேலை. ஒவ்வொரு நிகழ்வையும் ஐகாலண்டர் என்ற பொது வடிவத்தில், வெறும் எழுத்தாக வைக்கிறது. அதைப் பல போன்களும் கம்ப்யூட்டர்களும் படித்து, மாற்றி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது கால்டேவ் என்ற நெறிமுறை, 2007இல் வந்தது.

நேரத்தை ஊர்ப் பெயரோடு எழுதுவதுதான் இந்த வடிவத்தின் கெட்டிக்காரத்தனம். ஜெர்மனி பையரோடு வாரா வாரம் அவருக்கு மதியம் 2 மணிக்கு மீட்டிங் என்று வைப்போம். கோடையில் அது நமக்கு மாலை 5.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மறுநாளிலிருந்து நமக்கு 6.30. மார்ச் கடைசி ஞாயிறில் திரும்ப 5.30. நிகழ்வை பெர்லின் நேரத்தில் எழுதி வைத்தால் போன் தானே சரிசெய்துகொள்ளும். '5.30' என்று இந்திய நேரத்தில் எழுதினால் நவம்பரில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மென்பொருளில் ராடிகேல், பைக்கால் இரண்டும் சிறியவை, பழைய மெஷினிலும் ஓடும். நெக்ஸ்ட்கிளவுட் பெரியது, காலண்டரோடு கோப்புப் பகிர்வும் வரும், பராமரிப்பும் கூடவே வரும். சோகோ மெயில் சர்வரோடு ஒட்டிக்கொள்வது. ஸோஹோ என்று காதில் விழும், அது வேறு, இது வேறு.

சர்வரைவிட எதிர்முனையில்தான் சிக்கல். ஐபோனில் கால்டேவ் உள்ளேயே இருக்கிறது. தண்டர்பேர்டிலும் உண்டு. ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற ஆப் போட வேண்டும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்குக்குக் கால்டேவ் தெரியாது. பழைய அவுட்லுக்கில் இணைப்பு மென்பொருள் ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம், புதிய அவுட்லுக்கில் அந்த வழியும் அடைபட்டது. முதலாளி அவுட்லுக்கை விடமாட்டார் என்றால், சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பஞ்சாயத்தை முடித்துவிட வேண்டும்.

ஆன்டிவைரஸ்: எதைப் பிடிக்கும், எதை விடும்

"லினக்ஸுக்கு வைரஸ் வராது, அப்புறம் எதுக்குங்க ஆன்டிவைரஸ்?" லினக்ஸ் சர்வரில் கிளாம்ஏவி போடுவது பெரும்பாலும் சர்வருக்காக அல்ல. அக்கவுண்ட்ஸிலும் மெர்ச்சண்டைசிங்கிலும் இருக்கும் விண்டோஸ் மெஷின்களுக்கு மெயில் வழியாகப் போகும் கெட்ட கோப்பை வாசலிலேயே நிறுத்தத்தான். லினக்ஸ் சர்வருக்குள் ஆள் நுழைவது வேறு வழியில்: ஊகிக்க முடிந்த பாஸ்வேர்டு, வருடக்கணக்கில் புதுப்பிக்காத மென்பொருள். அதற்கு ஆன்டிவைரஸ் மருந்தாகாது.

கிளாம்ஏவியின் முறை, அடையாளம் ஒப்பிடுவது. ஏற்கெனவே பிடிபட்ட கெட்ட கோப்புகளின் குறிப்பிட்ட துணுக்குகளைப் பட்டியலாக வைத்திருக்கும். அந்தத் துணுக்குக்கு சிக்னேச்சர் என்று பெயர். மெயிலோடு வரும் இணைப்புக் கோப்புகளைத் திறந்து பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலைப் புதுப்பிக்க ஃபிரெஷ்கிளாம் என்ற துணைக்கருவி உண்டு. அது நின்றுபோனால் பழைய திருடர்களின் போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு காவல் நிற்கும். 2000களின் தொடக்கத்தில் தோமாஷ் கோய்ம் தொடங்கியது; 2013 முதல் சிஸ்கோவின் பராமரிப்பில் இருக்கிறது. பட்டியல் முழுவதும் நினைவகத்தில் ஏறுவதால் 3 ஜிபிக்குக் குறையாத ராம் வேண்டும். ராம் பத்தாமல் கிளாம்ஏவி செத்து விழுந்தால் மெயில் நிற்குமா, சோதிக்காமலே உள்ளே போகுமா என்பது அமைப்பைப் பொறுத்தது. போடும் ஆளிடம் அதைக் கேட்டு வையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற ஆபத்தில்லாத சோதனைக் கோப்பு இருக்கிறது; வெளியிலிருந்து அதை மெயிலில் அனுப்பிப் பார்க்கலாம்.

நேற்றுப் பிறந்த வைரஸையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்பின் உள்ளடக்கத்தையும் இதனால் பார்க்க முடியாது. அதனால் விண்டோஸ் மெஷின்களில் ஏற்கெனவே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்கக்கூடாது.

ஏற்றுமதிக்காரர்கள் பயப்பட வேண்டிய திருட்டில் வைரஸே கிடையாது. ஒரு மெர்ச்சண்டைசரின் பாஸ்வேர்டு எப்படியோ கசிகிறது. திருடன் சத்தமில்லாமல் மெயில்களைப் படித்துக்கொண்டிருப்பான். இன்வாய்ஸ் போகும் நேரம் பார்த்து, ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனை வாங்கி, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுவான். பழைய உரையாடல் எல்லாம் கீழே அப்படியே இருக்கும். இணைப்பில் கெட்டது எதுவும் இல்லை, கிளாம்ஏவி விட்டுவிடும். அவனுடைய டொமைனுக்கு அவனே எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பான். அந்தச் சோதனையும் தேறிவிடும். இதற்கு இரண்டு தடுப்பு: லாகினுக்குப் பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணையும் கேட்பது, பேங்க் கணக்கு மாற்றத்தை எப்போதும் தெரிந்த போன் நம்பரில் பேசி உறுதி செய்வது என்று பையரிடம் முதல் ஆர்டரிலேயே எழுதிக் கொடுப்பது.

சுருக்கமாக: கிளாம்ஏவி பழகிய கெட்ட கோப்பைப் பிடிக்கும். புதுசையும் பூட்டியதையும் கெட்ட கோப்பு இல்லாத பொய் மெயிலையும் விடும்.

சரி, எதைப் போடுவது?

பத்துப் பேருக்குள் என்றால் மெயில் சர்வரே வேண்டாம். டொமைன் பெயரைச் சொந்தப் பேரில் பதிந்துகொண்டு, ஐமேப் தரும் ஏதாவது சேவையை வாடகைக்கு எடுங்கள். ஆசைக்கு ராடிகேல் காலண்டர் ஒன்றைப் போட்டுப் பழகலாம்.

இருபது, முப்பது பேரைத் தாண்டினால் மெயில்கௌ அல்லது ஐரெட்மெயில் போன்ற தொகுப்பைப் பார்க்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் எல்லாம் இணைத்தே வரும். மெயில்கௌவில் சோகோ காலண்டரும் ஆர்ஸ்பாம்டியும் கிளாம்ஏவியும் சேர்ந்தே இருக்கின்றன. 6 ஜிபி ராம் கேட்கும். ஒவ்வொன்றையும் கையால் இணைப்பது கற்றுக்கொள்ள நல்ல வழி, ஆபீஸ் ஓட்ட அல்ல.

அதைவிடப் பெரிய கேள்வி ஆள் யார் என்பது. ஏஎம்சி எனும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் சிஸ்டம் தம்பி திறமைசாலியாகவே இருக்கட்டும். ஆனால் அட்மின் பாஸ்வேர்டும் டொமைன் கணக்கும் அவர் தலைக்குள் மட்டும் இருந்தால், மூல நிரல் திறந்திருந்தும் நம் ஆபீஸ் பூட்டித்தான் கிடக்கிறது. எல்லாவற்றையும் எழுதி வாங்கி பீரோவில் வையுங்கள். லாக் எனப்படும் சர்வரின் அன்றாடப் பதிவுகளையும் கேளுங்கள்: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். சர்வரில் அதற்கேற்ப அமைக்காவிட்டால் அதற்கு முன்பே அழிந்துவிடலாம்.

ஏஎம்சியில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை வையுங்கள். யாராவது ஒருவரின் மெயில் பெட்டியை முந்தாநாள் பேக்கப்பிலிருந்து வேறொரு மெஷினில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "பேக்கப் தினமும் ஓடுதுங்க" என்பது பதில் ஆகாது. அது முடிந்தால் பழைய இடத்திலிருந்து மாறுவது பெரிய வேலையில்லை: ஐமேப்சிங்க் என்ற கருவி பெட்டி பெட்டியாகப் பழைய மெயிலை நகலெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு, பழைய சர்வரை இன்னும் ஒரு மாதமாவது அணைக்காமல் வைத்திருங்கள்.